சாமி இல்லாத வீட்டுக்கு ஒரு சபை

1986-ல் என் தாத்தா இறந்தபோது எங்கள் வீட்டில் யாரும் புரோகிதரைத் தேடிப் போகவில்லை. விடியற்காலையில் செய்தி போனது. நண்பகலுக்குள் கறுப்புச் சட்டைக்காரர்கள் நாற்பது பேர் சைக்கிளிலும் பேருந்திலுமாக வந்து இறங்கிவிட்டார்கள். பந்தல் போட்டது, வெளியூர்க்காரர்களுக்குச் சோறாக்கியது, பாட்டியின் பக்கத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தது எல்லாம் அவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். கொள்ளிக்குடம் உடைக்கவில்லை, நெய்ப்பந்தம் பிடிக்கவில்லை. பாட்டியின் நெற்றியையும் கழுத்தையும் யாரும் தொடவில்லை. பெண்களும் சுடுகாடு வரை வந்தார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்குப் பதிலாகப் படத்திறப்பு நடந்தது. மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று ஆளுக்கு ஐந்து நிமிடம் தாத்தாவைப் பற்றிப் பேசினார்கள். அவர் எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியிருக்கிறார் என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. சாமி இல்லாத சாவு. ஆனால் ஆளில்லாத சாவு அல்ல.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜனவரியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் என் தங்கை வீட்டில் இன்னொரு சாவு. பேத்தியைப் பார்க்கப் போயிருந்த மாப்பிள்ளையின் அம்மா மாரடைப்பில் போய்விட்டார். அவரும் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். தன் சாவுக்குச் சடங்கு கூடாது என்று பலமுறை சொல்லியிருந்தவர். தகனத்துக்கு ஏற்பாடு செய்யும் இடத்தில் பரிவோடு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: “எந்த மதம்? யாரை அழைக்கட்டும்?” மதம் இல்லை என்று தங்கை சொன்னதும் அடுத்து என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன சொல்வது என்று இவர்களுக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம். பதினொரு பேர். யாரும் எதுவும் பேசவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரில் திரும்பும்போது ஒன்பது வயது மகள் கேட்டாளாம்: “அவ்ளோதானா?”

இரண்டு நாள் கழித்து, நான்கு வீடு தள்ளி வசிக்கும் ஒரு மூதாட்டி சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்தார். நடந்ததைக் கேட்டார். “எங்கள் சபைக் கூடத்தில் ஒரு நினைவுக்கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள். கடவுள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை” என்றார். அப்படித்தான் தங்கையின் மாமியாரான எங்கள் அத்தைக்குப் படத்திறப்பு ஒரு தேவாலயத்துக் கூடத்தில் நடந்தது. அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போய்வரத் தொடங்கிய தங்கை, ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள்: “அண்ணே, சேந்துரலாமா? அப்பா இருந்திருந்தா என்ன சொல்லிருப்பாங்க?”

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. சென்ற ஆண்டு நான்கு மாதம் அவள் வீட்டில் தங்கி, அந்தச் சபைக்கு நானும் போய் உட்கார்ந்து பார்த்த பிறகு எழுதுகிறேன். சேரலாம் என்பது என் முடிவு. ஆனால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நான் ஏற்கவில்லை.

திடலோரத்து வெள்ளைக் கட்டடம்

பாஸ்டனைச் சுற்றியுள்ள பழைய ஊர்களில், ஊர்ப் பொதுத் திடலை ஒட்டி, வெள்ளையடித்த மரப்பலகைகளால் கட்டிய கூர்முனைக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் நிற்கும். பியூரிட்டன்கள் ஊரை உண்டாக்கியபோதே எழுப்பிய சபைகள் அவை. அவற்றில் பல, தங்கை போகும் சபை உட்பட, இன்று யூனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் என்ற பிரிவினரிடம் இருக்கின்றன. பிதா, சுதன், ஆவி என்ற திரித்துவக் கோட்பாட்டை ஏற்காதவர்கள், இயேசுவை மனிதராகவே பார்த்தவர்கள், அந்தச் சபைகளுக்கு உள்ளிருந்தே வளர்ந்தார்கள். 1820-ல் டெடம் என்ற ஊரின் வழக்கில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், சபையின் சொத்து ஊர்த் திருச்சபைக்கு வரி கட்டும் எல்லோருக்கும் உரியது, திருவிருந்தில் பங்குபெறும் சிலருக்கு மட்டும் உரியதல்ல என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மை எங்கெல்லாம் புதிய கருத்தின் பக்கம் இருந்ததோ அங்கெல்லாம் கட்டடம் அவர்களுக்குப் போயிற்று. 1825-ல் அமெரிக்க யூனிடேரியன் சங்கம் உருவானது. அன்றைய இளைஞர்கள் அனைவரும் யூனிடேரியன்களாகத்தான் இறப்பார்கள் என்று 1822-ல் தாமஸ் ஜெஃபர்சன் ஒரு கடிதத்தில் எழுதினார். அப்படி நடக்கவில்லை. இன்று அமெரிக்காவில் ஏறக்குறைய ஆயிரம் சபைகள். பெரியவர்களில் பதிவுபெற்ற உறுப்பினர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

எண்ணிக்கையில் சிறுத்தாலும் சிந்தனையில் அந்தப் பிரிவு நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. நம்பாத ஒரு சடங்கைத் தன்னால் நடத்திவைக்க முடியாது என்று சிந்தனையாளர் எமர்சன் 1832-ல் பாஸ்டன் சபையின் போதகர் பொறுப்பிலிருந்து விலகினார். நூறாண்டு கழித்து, 1933-ல் வெளியான மனிதநேய அறிக்கையில் கையெழுத்திட்ட 34 பேரில் கணிசமானவர்கள் யூனிடேரியன் போதகர்கள். கடவுள் ஒன்றே என்று தொடங்கியவர்களின் வாரிசுகள், கடவுளைக் கேள்வியாகவே வைத்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நித்திய நரகம் என்று ஒன்று இல்லை, எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்று சொன்ன யுனிவர்சலிஸ்ட்டுகளோடு 1961-ல் அவர்கள் இணைந்தார்கள்.

இந்தக் கதையில் ஒரு தமிழரும் உண்டு. வேலையாளாக இங்கிலாந்துக்குப் போன ஒரு தமிழர், அங்கே கிடைத்த யூனிடேரியன் நூல்களைப் படித்துத் தானாகவே அந்த முடிவுக்கு வந்து, வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரோடு ஊர் திரும்பி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கினார். 1813-ல் புரசைவாக்கத்தில் அவருக்கு ஒரு சிற்றாலயமும் எழுந்தது. பாஸ்டனில் சங்கம் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்தது இது. எந்தப் பாதிரியாரும் அனுப்பாமல், எந்த மிஷனும் பணம் தராமல், படித்ததை வைத்துத் தானே யோசித்து ஒரு சபையை நிறுவியவர் அவர். அவரைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

என்ன நடக்கிறது அங்கே?

ஞாயிறு காலை பத்தரைக்கு மணி அடிக்கிறது. ஒரு கிண்ணத்தில் சுடர் ஏற்றுகிறார்கள். அந்தச் சுடர்க் கிண்ணம் எந்த வேதத்திலிருந்தும் வரவில்லை. நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு லிஸ்பனில் உதவிய யூனிடேரியன் சேவைக் குழுவுக்காக, தானும் அகதியாக இருந்த ஹான்ஸ் டாய்ச் என்ற ஓவியர் 1941-ல் வரைந்து கொடுத்த முத்திரை அது. பிறகு ஒரு கதை, எல்லா வயதினருக்கும். கதை முடிந்ததும் பாட்டுப் பாடியபடியே பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அடுத்து வருவதுதான் என் மனத்தில் நின்றது. அந்த வாரத்தில் மகிழ்ச்சியோ துக்கமோ நேர்ந்தவர்கள் எழுந்து முன்னால் போய், ஒரு கூழாங்கல்லைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு, ஒரு வரியில் சொல்கிறார்கள். பேத்தி பிறந்திருக்கிறாள். வேலை போய்விட்டது. புற்றுநோய் திரும்பிவிட்டது. சிலர் எதுவும் சொல்லாமல் கல்லை மட்டும் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, ஆறுதல் சொல்வதில்லை. ஆனால், பிரசங்கம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் அந்தக் கல் போட்டவரைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள்.

உறுப்பினராவதற்கு விசுவாச அறிக்கை எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெரிய பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பிறகு ஆண்டு வருமானத்தில் இவ்வளவு தருவேன் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். போதகரை மேலிடம் நியமிப்பதில்லை. உறுப்பினர்கள் வாக்களித்து அழைக்கிறார்கள், வாக்களித்தே அனுப்பிவிடவும் முடியும். வரவு செலவை ஆண்டுக் கூட்டத்தில் வரி வரியாக விவாதிக்கிறார்கள். யுனிவர்சலிஸ்ட்டுகள் 1863-லேயே ஒலிம்பியா பிரவுன் என்ற பெண்ணைப் போதகராக்கியவர்கள். அர்ச்சகர் இடத்தில் யார் நிற்கலாம் என்ற கேள்விக்காக அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டமும் வழக்கும் போராட்டமுமாக நடந்துவந்திருக்கும் ஊரிலிருந்து போகிற நான், இந்த அமைப்பை மதிக்காமல் இருக்க முடியாது. பிறப்பால் வந்த குருமார் இல்லை, கேள்விக்கு அப்பாற்பட்ட நூல் இல்லை, பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. சுயமரியாதைக்காரர்கள் மதத்தின் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சபை தன் நடைமுறையிலேயே பதில் வைத்திருக்கிறது.

பெரும்பாலானவற்றுக்கு என்றுதான் சொன்னேன், எல்லாவற்றுக்கும் இல்லை. கடவுள் என்ற சொல் அந்தச் சபைக்குள்ளேயே தீராத வழக்கு. பக்தி மொழியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 2003-ல் அப்போதைய தலைவர் வில்லியம் சிங்க்ஃபோர்டு பேசியபோது, மனிதநேயர்களான மூத்த உறுப்பினர்கள் கொதித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஓங்கியிருந்த நாத்திகக் குரல் இன்று அந்த அளவுக்கு ஓங்கி ஒலிப்பதில்லை. ஜெபம் என்ற சொல், ஆன்மா என்ற சொல், புனிதம் என்ற சொல் எல்லாம் பிரசங்கத்தில் சாதாரணமாக வருகின்றன. நான் போன முதல் வாரம், ‘தலை வணங்குவோம்’ என்றதும் என் கழுத்து இறுகியது. அது பிடிவாதமல்ல, வளர்ப்பு. எதற்கு முன்னாலும் தலை குனியாதே என்று சொல்லி வளர்த்தவர்களின் கை என் பிடரியில் இருந்தது. நான் குனியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

இன்னொன்று நிறம். அந்த அறையில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர்கள், படித்தவர்கள், வசதியானவர்கள், ஒரே கட்சிக்கு வாக்களிப்பவர்கள். வரலாற்றில் அவர்கள் செய்த தியாகம் பொய்யல்ல. 1965 மார்ச்சில் செல்மாவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போய் அடிபட்டு இறந்த ஜேம்ஸ் ரீப் இந்தப் பிரிவின் போதகர். வியட்நாம் போரைப் பற்றிய ரகசிய ஆவணங்களை 1971-ல் நூலாக வெளியிடும் துணிவு இவர்களுடைய பீக்கன் பதிப்பகத்துக்கு இருந்தது. ஆனாலும், பணி நியமனங்களில் நிறம் பார்க்கப்படுகிறது என்ற சர்ச்சையில் 2017-ல் இதன் தலைவர் பீட்டர் மொராலஸ் பதவி விலக நேர்ந்தது. மனத்தால் நல்லவர்கள் நிறைந்த இடத்திலும் யார் பேசுகிறார்கள், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. அங்கே சேரும் தமிழ்க் குடும்பம் ‘இந்திய ஞானத்தின்’ பிரதிநிதியாக மேடையேற்றப்படும் ஆபத்தும் உண்டு. தங்கையிடம் தீபாவளியைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டுத் தை மாதத்தில் பொங்கலைப் பற்றி எடுத்தாள். காரணத்தையும் சொன்னாள். தீபாவளி எங்கள் வீட்டில் ஏன் கொண்டாடப்படவில்லை என்பது அந்த மக்களுக்குப் புதிய செய்தி. இந்தியாவிலிருந்து வரும் எல்லோரும் பக்தர்கள் என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

இழந்தது எது?

சேர்வதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம் நலவாழ்வு பற்றியது. வழிபாட்டுக்குப் போகிறவர்கள் கூடுதல் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. ராபர்ட் புட்னமும் சேயூன் லிம்மும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு அதை ஒரு படி நுணுக்கிப் பார்த்தது: மனநிறைவைக் கூட்டுவது நம்பிக்கையோ ஜெபமோ அல்ல, சபைக்குள் இருக்கும் நட்புகள். அங்கே போய் யாரோடும் பழகாமல் திரும்புகிறவருக்கு அந்தப் பலன் இல்லை. நல்ல ஆய்வுதான். ஆனால், மருந்துச் சீட்டைப் போல ஒரு சபையில் சேர முடியாது. எனக்கு நன்மை வேண்டும் என்று மட்டும் வருகிறவரிடம் யார் நட்பு கொள்வார்கள்?

இரண்டாவது வாதம் குழந்தைக்காக என்பது. அமெரிக்காவில் மதம் சாராதோர் 2007-ல் 16 சதவீதம், இப்போது 29 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு மையம். எதிலும் சேராத பெற்றோர் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்பதைப் பற்றி 2015-ல் கிறிஸ்டல் மேனிங் ஒரு நூலே எழுதியிருக்கிறார். தங்கை மகளின் பள்ளித் தோழிகளில் ஒருத்தி எபிரேயப் பள்ளிக்குப் போகிறாள். ஒருத்தி கத்தோலிக்க மறைக்கல்விக்கு. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண் ஆஷ்லாண்டு லட்சுமி கோயிலுக்கும் பாலவிகாருக்கும். “மாமா, நாம யாரு?” என்று என் மருமகள் என்னிடமே கேட்டாள். பகுத்தறிவாளர்கள் என்றேன். “அதுக்கு எங்க போகணும்?” என்றாள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் வயதில் எனக்கு அந்தப் பதில் தெரியும். தெருமுனைப் படிப்பகத்துக்குப் போக வேண்டும். மாலையில் விடுதலை நாளிதழை உரக்கப் படிக்க வேண்டும். மாநாட்டுக்கு லாரியில் போக வேண்டும். யார் வீட்டுத் திருமணம் என்றாலும் நாற்காலி தூக்க வேண்டும். 1925-ல் குடிஅரசு இதழ் வந்ததிலிருந்து சுயமரியாதை இயக்கம் கடவுளை மறுத்ததோடு நின்றுவிடவில்லை. பெயர் சூட்டவும் மணம் முடிக்கவும் இறந்தவரை வழியனுப்பவும் ஆட்களையும் முறைகளையும் உண்டாக்கிவைத்தது. புரோகிதர் இல்லாத திருமணத்துக்கு 1967-ல் அண்ணாவின் அரசு சட்டத் தகுதி தந்தபோது, அந்தத் திருமணங்கள் நாற்பது ஆண்டுகளாகப் பந்தலில் நடந்துகொண்டிருந்தன. அதற்கும் முன்பே அயோத்திதாசர் 1898-ல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது செய்ததும் இதுவே. படைப்புக் கடவுள் இல்லாத ஒரு நெறியை எடுத்துக்கொண்டு, அதற்குக் கூட்டமும் பள்ளியும் விழாவும் திருமணமும் பத்திரிகையும் சேர்த்தார்; கோலார் தங்கவயல் வரை கிளைகள் பரவின. அம்பேத்கர் 1956-ல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தத்தில் இணைந்ததும் கடவுளைத் தேடி அல்ல. பெரியார் வேறு வழியில் போனார். மதமே வேண்டாம் என்றார். ஆனால், தனித்தனியாக வீட்டுக்குள் உட்கார்ந்து நாத்திகராக இருங்கள் என்று இந்த மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.

என் தங்கையின் குடும்பம் கடல் கடந்தபோது கடவுளை இழக்கவில்லை. அவர் ஏற்கெனவே இல்லை. அவர்கள் இழந்தது இயக்கத்தை. நாத்திகம் அவர்களோடு பெட்டியில் போயிற்று, படிப்பகம் போகவில்லை. கொள்கை இருக்கிறது, நாற்காலி தூக்க ஆள் இல்லை. அத்தையின் தகனத்தின்போது அந்த அறையில் குறைந்தது மந்திரம் அல்ல, நாற்பது பேர்.

தமிழ்ச் சங்கம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, அது அரிய பணி செய்கிறது. பிள்ளை தமிழ் எழுதப் பழகுவது அதனால்தான். ஆனால், அது மொழிக்கான வீடு. அங்கே எல்லா நம்பிக்கையினரும் வர வேண்டும் என்பதால், எப்படி வாழ்வது, எப்படிச் சாவது என்ற பேச்சை அது நாகரிகமாகத் தவிர்த்துவிடுகிறது. அப்படித் தவிர்ப்பது சரியும்கூட.

மதச் சாயலே இல்லாத கூட்டங்களும் உண்டு. ஃபீலிக்ஸ் ஆட்லர் 1876-ல் நியூயார்க்கில் தொடங்கிய அறநெறிப் பண்பாட்டுச் சங்கம் இன்றும் நடக்கிறது. யூதர்களுக்கு, வழிபாட்டிலிருந்து கடவுளை எடுத்துவிட்ட சபையை ஷெர்வின் வைன் என்ற ரபி 1963-ல் டெட்ராயிட்டுக்கு அருகே அமைத்தார். நம்பிக்கையற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கான கேம்ப் குவெஸ்ட் என்ற கோடை முகாம் 1996 முதல் இருக்கிறது. இவற்றில் ஒன்று பக்கத்தில் இருந்தால் அதையே முதலில் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால், இவை சில நகரங்களில் மட்டுமே கிடைக்கும். லண்டனில் 2013 ஜனவரியில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் தொடங்கிய சண்டே அசெம்பிளியின் கதையும் யோசிக்க வைக்கிறது. கடவுள் இல்லாத தேவாலயம் என்று உலகமே எழுதியது. சில ஆண்டுகளில் எழுபது நகரங்களை நெருங்கியது. பிறகு அவற்றில் பல ஒவ்வொன்றாக மூடின. பாட்டு இருந்தது, பேச்சு இருந்தது, கேக்கும் இருந்தது. வருகிறவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது என்ற தயக்கமும் இருந்தது. எதையும் கேட்காத இடத்துக்கு மழை பெய்தால் யார் போவார்கள்?

ஆகவே, சேரலாமா என்று கேட்கும் குடும்பத்திடம், அவர்கள் கடவுளைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைக் கடைசியில் கேளுங்கள் என்பேன். முதலில் கேட்க வேண்டியது, அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது. யாருக்காவது அறுவைச் சிகிச்சை நடந்தால் யார் சமைத்துக் கொண்டுபோகிறார்கள்? அந்தப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதச் சொல்கிறார்களா? நான் நம்பாதவன் என்று அந்த மேடையிலேயே நின்று சொல்ல இடம் இருக்கிறதா? ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? இவற்றுக்கான பதில்கள் ஊருக்கு ஊர், சபைக்குச் சபை மாறும். ஒரே பெயர்ப்பலகை மாட்டிய இரண்டு சபைகளில் ஒன்றில் புத்தர் சிலையும் தியானமும் நிறைந்திருக்கும். இன்னொன்றில் அறிவியல் சொற்பொழிவு நடக்கும். மூன்று மாதம் போய்ப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

பிள்ளைகளின் பங்கு

குழந்தைக்காக மட்டும் சேராதீர்கள். பெற்றோர் காரிலேயே உட்கார்ந்திருக்க, பிள்ளையை மட்டும் இறக்கிவிடும் குடும்பங்களை அங்கே பார்த்தேன். பிள்ளைக்கு அது இன்னொரு டியூஷன். பதினைந்து வயதில் நின்றுவிடும். இந்தச் சபைகளில் இருக்கும் பெரியவர்களில் பெரும்பாலோர் வேறு எங்கோ வளர்ந்து, பெரியவர்களான பின் வந்தவர்கள். அங்கேயே வளர்ந்த பிள்ளைகளில் பலர் தங்குவதில்லை என்ற கவலை அவர்களுக்கே உண்டு.

ஆனாலும், அங்கே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இரண்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்று, பாலியல் கல்வி. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற இன்னொரு பிரிவோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய பாடத்திட்டம், மழலையர் வகுப்பு முதல் முதியோர் வரை வயதுக்கு ஏற்றபடி அமைந்தது. அதில் பெயர்பெற்றது நடுநிலைப் பள்ளி வயதினருக்கானது. முதலில் பெற்றோரை உட்காரவைத்துப் பாடம் முழுவதையும் காட்டிவிடுகிறார்கள். பிறகு பயிற்சி பெற்ற இரண்டு பெரியவர்கள் மாதக்கணக்கில் உடல், சம்மதம், மரியாதை, ஏமாற்றம் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். தங்கை அந்த அறிமுகக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த இரவு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். “நமக்கு யாருமே சொல்லித் தரலியே அண்ணே” என்றாள். பெண்ணடிமையை எதிர்த்த குடும்பம்தான் எங்களுடையது. மேடையில் எல்லாம் பேசினோம். வீட்டுக்குள் எங்கள் பெண் பிள்ளைகளிடம் இதை ஒருநாளும் பேசியதில்லை. அந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன்.

மற்றொன்று, பதின்பருவத்தில் நடக்கும் ஓர் ஆண்டுப் பயிற்சி. ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையிலிருந்து உறவினரல்லாத ஒரு பெரியவர் துணையாக வருகிறார். ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளை, தான் எதை ஏற்கிறேன், எதை ஏற்கவில்லை என்று தானே எழுதி, ஞாயிறு காலை எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். நான் இருந்தபோது அப்படி ஆறு பிள்ளைகள் படித்தார்கள். ஒரு பையன், கடவுள் இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை, தன் பாட்டி இறந்தபோது வேண்டிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றான். அடுத்து வந்த பெண், தான் கடவுளை நம்பத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். அவளுடைய அப்பா நாத்திகர் என்று பிறகு தெரிந்தது. அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

இது ஒரு பகுத்தறிவுக் குடும்பம் நேராக முகம்கொடுக்க வேண்டிய இடம். என் மருமகள் ஒருநாள் அந்த மேடையில் நின்று, நான் நம்புகிறேன் என்று சொல்லலாம். மூன்று தலைமுறை நாத்திகம் அந்த வரியோடு முடியலாம். அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. ஆனால், யோசித்துப் பார் என்று சொல்லி வளர்த்துவிட்டு, யோசித்த முடிவு நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்டால், நாம் எதிர்த்துவந்த அதே காரியத்தைத்தான் நாமும் செய்கிறோம். தாத்தா கோயிலுக்குப் போகாமல் நின்றபோது கொள்ளுத்தாத்தாவுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. மதத்தால் அடிபட்டு வந்தவர்களுக்கு அந்தப் பாட்டின் ராகமே காயத்தைத் திறக்கலாம். அவர்களை வற்புறுத்தக் கூடாது. கணவன் மனைவியில் ஒருவருக்கு மனமில்லை என்றால் பதிவேட்டை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் பகுத்தறிவுக் குடும்பங்களுக்கு நான் சொல்ல வருவது வேறு. உங்கள் ஊர்ப் படிப்பகம் இன்னும் திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பல ஊர்களில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கியோடு முடிந்துபோகும் சுயமரியாதைத் திருமணத்துக்கு அடுத்த நாள், அந்தத் தம்பதிக்கு யார் இருக்கிறார்கள்? நாங்கள் அமெரிக்காவில் இழந்ததை நீங்கள் ஊரிலிருந்தே இழந்துகொண்டிருக்கலாம்.

அப்பா என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்விக்கு வருகிறேன். அப்பா அந்தப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்க மாட்டார். ஆனால், கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவதற்கு முதல் ஆளாக எழுந்திருப்பார். அதைத் தங்கையிடம் சொன்னேன்.

அவள் மே மாதத்தில் பதிவேட்டில் கையெழுத்திட்டாள். தமிழில்தான் போட்டாள். மாப்பிள்ளை இன்னும் போடவில்லை. தேவாலயம் என்று எழுதிய தாளில் தன் பெயர் இருப்பதை அவரால் இன்னும் ஏற்க முடியவில்லை; அம்மாவின் முகம் முன்னால் வருகிறது என்கிறார். அவசரமில்லை என்று அங்கே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைகளில் மட்டும் அவர் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறார். அன்று சூப் கொண்டுவந்த அந்த மூதாட்டிக்கு இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. மாலை நான்கு மணிக்கு அவரைக் கூட்டிப்போய், முடியும்வரை இருந்து, இரவு வீட்டில் கொண்டுவந்து விடுவது மாப்பிள்ளையின் முறை.